இரண்டரை மில்லிபார் துரு

காற்றில் கிடக்கும் இரும்பு எவ்வளவு துருப்பிடித்தது என்று கேட்டால், எங்கள் தொழிலில் முதலில் தேடுவது தராசைத்தான். தகட்டை எடை போட்டு வெளியில் வைக்க வேண்டும். மாதங்கள் கழித்து எடுத்து, துருவை அமிலத்தில் கழுவி, மறுபடி எடை போட வேண்டும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் மண்டபம் கடற்கரையில் காற்றுக்கு விட்டுவைக்கும் தகடுகளுக்கும் அடிப்படைக் கணக்கு இதுதான். நம்பகமான முறை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் மாதிரி. மொத்தம் எவ்வளவு என்று தெரியும், எந்த ராத்திரி எது ஓடியது என்று தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள உலோகத்தை விட்டுவிட்டுக் காற்றைப் பார்க்க வேண்டும். உலோகம் கரையும்போது விடுகிற எலக்ட்ரான்களை யாராவது வாங்கியாக வேண்டும். தகட்டின் மேல் படிந்த ஈரப்படலத்தில் அதற்கு முக்கியமாக இரண்டு பேர்: காற்றிலிருந்து கரைந்து வரும் ஆக்சிஜன், இல்லையென்றால் தண்ணீர். ஆக்சிஜன் வாங்கினால் காற்றில் அது குறையும். தண்ணீர் வாங்கினால் ஹைட்ரஜன் வெளிவரும். தகட்டை மூடிய குப்பிக்குள் வைத்து, ஆக்சிஜன் உணரி ஒன்றும் அழுத்த உணரி ஒன்றும் பொருத்தினால் இரண்டையும் பிரித்துவிடலாம். ஆக்சிஜன் குறைந்த அளவுக்கு அழுத்தம் இறங்கவில்லையா? அந்த வித்தியாசம் ஹைட்ரஜன். பள்ளிக்கூடத்தில் ஈர இரும்புத் தூளைச் சோதனைக் குழாயில் ஒட்டிக் கவிழ்த்து வைத்து, தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதே சோதனைதான், அளவுதான் சிறியது.

எவ்வளவு சிறியது என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் இரும்பில் ஒரு மைக்ரோமீட்டர் ஆழம் கரைந்து முழுக்கத் துருவானால், அது தின்னும் ஆக்சிஜன் சுமார் கால் மில்லிலிட்டர். 100 மில்லிலிட்டர் குப்பியில் அழுத்தம் ஏறக்குறைய இரண்டரை மில்லிபார் இறங்கும். அறை வெப்பம் ஒரு டிகிரி கூடினாலோ, அதே குப்பியில் அழுத்தம் மூன்றரை மில்லிபார் ஏறும். உள்ளே நீராவி கூடுவதையும் சேர்த்தால் ஐந்தை நெருங்கும். ஏ.சி. ஒருமுறை நின்று ஓடினால் போதும், அளக்க வந்த துரு மொத்தமும் அதற்குள் மறைந்துபோகும். அதனால் குப்பி, வெப்பம் மாறாத நீர்த்தொட்டியில் முழுகிக் கிடக்க வேண்டும். பக்கத்திலேயே தகடு இல்லாத வெறுங்குப்பி ஒன்றும் ஓட வேண்டும். மூடிக்கு சிலிக்கோன் ரப்பர் ஆகவே ஆகாது, ஆக்சிஜன் அதற்குள் தாராளமாகப் புகுந்து வரும். பியூட்டைல் ரப்பர் பரவாயில்லை. ஹைட்ரஜனுக்கு அதுவும் முழுக் காவல் இல்லை.

தகட்டில் உப்பைக் கரைசலாகத் தெளித்து உலர்த்துவோம். குப்பிக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் பொட்டாசியம் குளோரைடின் தெவிட்டிய கரைசல். 25 டிகிரியில் அது ஈரப்பதத்தை 84 சதவீதத்தில் நிறுத்தும். சமையல் உப்பு 75 சதவீதத்திலேயே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும் என்பதால் அரிமானம் நிற்காமல் நடக்கும்.

மக்னீசியத்தை இப்படிப் பார்த்தால் தெரியும் விஷயம் சுவாரசியமானது. உப்புநீரில் முழுகிய மக்னீசியம் பெரும்பாலும் ஹைட்ரஜனைத்தான் விடும், குமிழிகளைப் பிடித்து அளந்தாலே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். மெல்லிய ஈரப்படலத்தில் அப்படி இல்லை. காற்று எட்டும் தூரத்திலேயே இருப்பதால் ஆக்சிஜனும் கணிசமான பங்கை எடுத்துக்கொள்கிறது. குமிழியை மட்டும் எண்ணுபவர் அந்தப் பங்கை விட்டுவிடுவார்.

இரும்பு இன்னும் தந்திரக்காரன். ஏற்கெனவே துருப்பிடித்த தகடு ஈரமாகும்போது ஆக்சிஜன் உணரி வரையும் கோடு சில நேரம் அசையாமல் கிடக்கும். இரும்பு சும்மா இருக்கிறது என்று அர்த்தமில்லை, பழைய துருவே எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டிருக்கிறது. படலம் உலரத் தொடங்கி மெலியும்போதுதான் ஆக்சிஜன் வேகமாக உள்ளே வந்து, எலக்ட்ரான் வாங்கி ஒடுக்கமடைந்த துருவை மறுபடி ஆக்சிஜனேற்றம் செய்யும். கோடு அப்போது சரேலென இறங்கும். ஜெர்மனியின் மார்ட்டின் ஸ்ட்ராட்மான் குழுவினர் நனைந்து உலரும் இரும்பில் இந்தக் கட்டங்களை 1980களிலும் 90களிலும் விரிவாக ஆராய்ந்தார்கள். மழை பெய்துகொண்டிருக்கும் நேரத்தைவிட, மழை விட்டு ஈரம் காயும் நேரம் இரும்புக்கு மோசமானது. மாதக்கணக்கில் வெளியே கிடந்த தகட்டின் எடையிலிருந்து இதை யாரும் படித்திருக்க முடியாது.

இந்த முறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தராசைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓட்டம் முடிந்ததும் அதே தகட்டைக் கழுவி எடை போடுங்கள். வாயு சொல்லும் எலக்ட்ரான் கணக்கும் எடை சொல்லும் கணக்கும் ஒத்துப்போகவில்லையென்றால், முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள், அடுத்து நீர்த்தொட்டியை. உலோகத்தைப் பற்றிப் புதுக் கொள்கை எழுதுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.