புனிதர் திருநாளின் முன்னிரவு

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்துப் பங்கு ஒன்றில் நான் இரண்டாண்டுகள் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றினேன். 2012 அக்டோபர் 31 அன்று மாலை, சிறுவர் அறுவரோடும் அவர்களுள் ஒருவனின் தாயோடும் தெருவில் இறங்கினேன். மாறுவேடம் பூண்ட பிள்ளைகள் வீடுவீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் பெறும் நாள் அது. ஹாலோவீன் என்ற பெயரே புனிதர் அனைவர் பெருவிழாவின் முன்னிரவு என்ற பொருளில் பிறந்ததென்று குருமடத்தில் படித்திருந்தேன். ஓர் எலும்புக்கூடு என் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கும் என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை!

அதற்கு முந்திய ஞாயிறு, திருப்பலி முடிவில் நானே அறிவிப்பு வாசித்திருந்தேன்: பெற்றோர் சோதித்துப் பார்க்காத இனிப்பைப் பிள்ளைகள் உண்ணலாகாது. அவ்வச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1974இல் அதே மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை அடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஹாலோவீன் இரவில் சயனைடு கலந்த இனிப்பை உண்டு மாண்டான். கொடுத்தவன் அந்நியன் அல்லன். காப்பீட்டுப் பணத்திற்காகப் பெற்ற தகப்பனே செய்த கொலை அது. 1984இல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆயினும் ஊராரின் ஐயம் அண்டைவீட்டார்மீதே நிலைத்துவிட்டது. ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியலார் 1958 முதலான செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தார். அந்நியர் கொடுத்த ஹாலோவீன் இனிப்பின் நஞ்சால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட நிகழ்ச்சி ஒன்றையேனும் அவர் காணவில்லை. இதையெல்லாம் நான் பின்னரே அறிந்தேன்.

அன்று தெருவிளக்கின் அடியில் நின்று, உறை சற்றுக் கிழிந்திருந்த சாக்லேட் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எலும்புக்கூட்டுச் சிறுவன் என் விரலை விட்டதை நான் உணரவில்லை. முகமூடியின் துளைகள் வழியே அவனுக்கு நேரே இருப்பது மட்டுமே தெரியும். வேடத்தின்மேல் தரித்திருந்த போர்வையோ கறுப்பு. நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து எதிர்வீட்டு விளக்கை நோக்கி ஓடினான். பிரேக் அலறிற்று. முழங்கை அளவு தொலைவில் கார் நின்றது. ஓட்டிவந்த முதியவர் இறங்கி, நடைபாதை விளிம்பில் அமர்ந்து நடுங்கினார். சிறுவன் சிந்திய மிட்டாய்களைப் பொறுக்கினான்.

தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “ஃபாதர், நாம் பையைத்தான் பார்த்தோம்” என்றார். நாம் என்று அவர் சொன்னது பெருந்தன்மை. பார்த்தவன் நான்.

2019இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று, 1975 முதல் 2016 வரையிலான 42 ஆண்டுகளை எடுத்துக்கொண்டு, ஹாலோவீன் மாலையில் நடந்து செல்வோர் வாகனம் மோதி இறக்கும் அபாயம், முன்பின் வாரங்களின் அதே மாலைகளைவிட 43 விழுக்காடு மிகுதி என்று கண்டது. நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கோ அது ஏறத்தாழ 10 மடங்கு. அப்பக்கத்தை இருமுறை படித்தேன். அவனுக்கு அன்று வயது ஏழு.

மறு ஆண்டு அறிவிப்பை அந்தத் தாயே எழுதித் தந்தார். முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம், போர்வையில் ஒளி பட்டால் மின்னும் நாடா, கையில் டார்ச், தெருவின் ஒரு பக்கத்து வீடுகளை முடித்தபின், முனையில் பெரியவர் கைப்பிடித்து மறுபக்கம் கடத்தல். மிட்டாய் கடைசி வரியில் இருந்தது. அப்படியே வாசித்தேன்.

அந்த முதியவர் அன்று மாலை காரை வெளியே எடுக்கவில்லை. வாசலில் நாற்காலியிட்டு, மடியில் மிட்டாய்க் கூடையோடு அமர்ந்திருந்தார்.