ஒளிராத வெம்மை

அரியலூர் வட்டாரத்தில் வாழ்வோர்க்குச் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்ட் ஆலையும் புதியன அல்ல. ஆலைச் சூளையில் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் வெந்து வெளிவரும் கிளிங்கர்க் கட்டிகள் முதலில் செந்தழலாய் ஒளிர்கின்றன. காற்றுப்பட்டு ஆறுகையில் அச்சிவப்பு மறைந்துவிடுகிறது. ஆயினும் அருகே கை நீட்டுவோர் அவற்றின் சூட்டை உணர்வர். கண் கைவிட்ட இடத்தில் தோல் அறிகிறது. அவ்வாறு தோல் அறியும் கதிரே அகச்சிவப்பு. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், பிரிக்கப்பட்ட சூரிய ஒளியின் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து அதனைக் கண்டறிந்தார்.

வானிலும் இத்தகைய ஆறும் கட்டிகள் உண்டு. வாயு மேகம் தன் ஈர்ப்பால் திரண்டு சுருங்க, அதன் நடுவே ஹைட்ரஜன் ஹீலியமாய் மாறி எரிவதே விண்மீனின் வாழ்வு. திரண்ட நிறை சூரியனது நிறையில் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்குக் குறையுமாயின் அத்தீ நிலைபெறாது. இதனை 1960களின் தொடக்கத்திலேயே கணித்துக் காட்டியவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிவ் குமார். 1975இல் ஜில் டார்ட்டர் இவற்றிற்குப் ‘பழுப்புக் குறுமீன்’ எனப் பெயரிட்டார். பிறவிச் சூட்டைச் சிறிது சிறிதாய் இழந்தவாறே நெடுங்காலம் நிலைப்பவை இவை. ஏட்டில் இருந்த கணக்கு வானில் உறுதிப்பட்டது 1995இல்தான்.

மிகக் குளிர்ந்தவற்றைத் தேடியது, 2009 டிசம்பரில் ஏவப்பட்ட ‘வைஸ்’ எனும் அகச்சிவப்புத் தொலைநோக்கி. அதன் உத்தி எளியது. குளிர்ந்த குறுமீனின் வளிமண்டலத்திலுள்ள மீத்தேன், 3.4 மைக்ரான் அலைநீளத்தையொட்டிய ஒளியை விழுங்கிவிடும், 4.6 மைக்ரான் ஒளியோ தப்பி வரும். ஆகவே முதற்படத்தில் மங்கி, இரண்டாம் படத்தில் துலங்குவதைத் தேடினால் போதும். அன்றியும், அண்மையில் இருப்பது பல மாத இடைவெளியில் எடுத்த படங்களில் இடம் பெயர்ந்து தோன்றும். இவ்விரு அடையாளங்களாலும் 2014இல் கெவின் லூமன் அறிவித்த ஒன்று, நம்மிடமிருந்து ஏறத்தாழ 7.4 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 2021 கிறிஸ்து பிறப்பு நாளில் ஏவப்பட்ட வெப் தொலைநோக்கியின் அளவீட்டின்படி அதன் வெப்பம் ஏறத்தாழ 12 பாகை செல்சியசே. நம் ஊர் மார்கழி விடியலினும் குளிர்ச்சி! வியாழனைப் போல் 3 முதல் 10 மடங்கு நிறை கொண்டதாக மதிக்கப்படும் அதன் வளிமண்டலத்தில் நீராவியும் மீத்தேனும் அம்மோனியாவும் உள்ளன.

இவற்றைத் ‘தோற்றுப்போன விண்மீன்கள்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. அச்சொல் என்னை உறுத்துகிறது. ஹைட்ரஜனை எரித்தல் எனும் ஒரே தேர்வை நாமே வைத்து, நாமே இட்ட தீர்ப்பு அன்றோ அது? பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் சில வீடுகளின் கதவு திறப்பதில்லை. ஒரு தாளின் மதிப்பெண்ணால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதே பட்டத்தைச் சூட்டுகிறோம். அப்பிள்ளை தன் பாட்டியை ஆண்டுக்கணக்கில் தூக்கி எடுத்துப் பேணுவது எந்தத் தாளிலும் வருவதில்லை.

வானியலார் அக்குறுமீன்களை மாற்ற முயலவில்லை. தம் கருவியையே மாற்றினர். அதுவரை வெற்றிடமெனத் தோன்றிய வானத்தில் சூரியனின் அண்டை வீட்டார் தென்பட்டனர். நம் அண்டை வீடுகளிலும் அத்தகையோர் எத்தனை பேரோ!