நாலு திருகுகள்

கிதாரின் கழுத்தையும் உடலையும் இணைக்க நாலு திருகுகள் போதும் என்று லியோ ஃபெண்டர் முடிவு செய்தாரே, கிதார் செய்யும் என் பொழுதுபோக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து நல்ல கிதார்களில் பெரும்பாலும் கழுத்தைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அது கோணிக்கொண்டால், ஆவி காட்டிப் பசையை இளக்கிப் பிரிக்கத் தெரிந்த கைகாரரைத் தேடிப் போக வேண்டும். ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். பழுது பார்த்தே பழகிய கண்ணுக்கு வேறு வழி தெரிந்தது: கழுத்து கெட்டுப்போனால் திருகைக் கழற்று, வேறொன்றை மாட்டு. 1950இல் வந்து, 1951இலிருந்து டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதார் அப்படித்தான் பிறந்தது. ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். வாசிப்பதும் செய்வதும் வேறு வேறு ஆசைகள் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

பழைய ஃபெண்டர் கிதாரில் அந்த நாலு திருகுகளைக் கழற்றினால் கழுத்தின் அடிப்பாகத்தில் பென்சிலில் எழுதிய தேதி இருக்கும். சிலவற்றில் அதைச் செய்த தொழிலாளியின் முதலெழுத்துகளும் இருக்கும். வாசிப்பவர் கண்ணில் படாத இடம் அது. திறந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும் கையெழுத்து.

திறக்க முடிந்த பிறகு மாற்றாமல் இருக்க முடியுமா? எழுபதுகளில் எடி வான் ஹேலன் என்ற இளைஞர், இரண்டாந்தரம் என்று ஒதுக்கிவைத்த ஆஷ் மர உடலை 50 டாலருக்கும், கழுத்தை 80 டாலருக்கும் வாங்கினார். தந்தியின் அசைவை மின்சாரமாக்குகிற காந்தச் சுருளுக்குப் பிக்கப் என்று பெயர். கிப்சன் கிதாரிலிருந்து எடுத்த பிக்கப்புக்கு இடம் போதாமல் உடலை உளியால் குடைந்தார். 1978இல் வந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டில் பல பாடல்களில் ஒலிப்பது அந்த ஒட்டுக் கிதார்தான். கடையில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அவர் உளியைத் தொட்டிருக்க மாட்டார். கேட்க விரும்பும் ஒலி எங்குமே விற்கவில்லை என்ற தவிப்புதான் எங்களில் பலரையும் பட்டறைக்குள் இழுத்துவருகிறது.

செய்யத் தொடங்கினால் முதலில் மிரட்டுவது ஃப்ரெட். வீணையில் மெட்டுகளை மெழுகின்மேல் பதித்து, காதால் கேட்டு நகர்த்தி நகர்த்தி உட்கார வைக்கிறார்கள். மெழுகை இளக்கினால் மறுபடி மேளம் கட்டலாம். கிதாரில் அந்தச் சலுகை கிடையாது; பலகையில் ரம்பம் போட்ட இடம் போட்ட இடம்தான். காதுக்குப் பதில் கணக்கை நம்ப வேண்டும். தந்தியின் மீதமுள்ள நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். ஃபெண்டர் அளவான 648 மில்லிமீட்டரில் முதல் ஃப்ரெட் 36.37இல் விழும், பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியில், 324இல். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி 16ஆம் நூற்றாண்டிலேயே லூட் வாத்தியத்துக்கு இதே வழியைச் சொன்னார், ஆனால் 18ஆல் வகுக்கச் சொன்னார். அந்தக் கணக்கில் பன்னிரண்டாவது ஃப்ரெட் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் முன்னால் விழுகிறது. விரல் அழுத்தும்போது தந்தி சற்று இறுகி சுருதி ஏறுவதால், அந்தப் பிழையே ஓரளவு ஈடாகவும் ஆனது. இன்று அந்த ஈட்டை பிரிட்ஜில் தருகிறோம்: ஒவ்வொரு தந்திக்கும் தனித் தாங்கி, தடித்த தந்திக்குச் சற்றுப் பின்னால். தாங்கியின் திருகைக் கால் சுற்று திருப்பி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுருதி சேர்வதைக் கேட்கிற நேரம் எனக்கு இந்த வேலையிலேயே மிகப் பிடித்த நேரம். கணக்கு போய்ச் சேராத கடைசித் துளியைக் காது எட்டிவிடுகிறது.

அடுத்து பிக்கப். ஊரில் மோட்டார் காயில் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், கம்பி மட்டும் 42ஆம் கேஜ். தலைமுடி அளவு தடிமன், பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். ஆறு காந்தத் துண்டுகளைச் சுற்றி எட்டாயிரம் சுற்று வரை போக வேண்டும். பொழுதுபோக்காகச் செய்கிற பலர் தையல் மெஷின் மோட்டாரில் பாபினை மாட்டி, கம்பியை விரலிடுக்கில் ஓட விடுவார்கள். விரல் எப்படி அசைகிறதோ அப்படிச் சுற்று படியும். அதனால் இரண்டு பிக்கப் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. ஃபெண்டர் தொழிற்சாலையில் 1956இல் சேர்ந்த அபிகெய்ல் யபாரா என்ற அம்மையார் 2013இல் ஓய்வு பெறும்வரை இதைத்தான் செய்தார். அவர் கைப்பட்ட பிக்கப்பைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடித் தேடி வாங்குகிறார்கள். மேடையில் நின்றவர்களின் பெயரை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஒலியைச் சுற்றித் தந்த விரல்களின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மரத்தைப் பற்றிய சண்டைக்கு முடிவே இல்லை. உள்ளே குடையாத கட்டை கிதாரில் மரம் ஒலியை எவ்வளவு மாற்றும்? காந்தம் கவனிப்பது எஃகுத் தந்தியின் அசைவை மட்டுமே. ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை பிக்கப்பும் தந்தியும் பிரிட்ஜும்தான் என்பது என் முடிவு. ஆனால் மரம் முக்கியமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 45 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அதற்கு ஆண்டுக்கணக்கில் வளையாமல் கழுத்து நிற்க வேண்டும். தோளில் கனம், விரலடியில் வழவழப்பு, எல்லாம் மரம்தான். விரல் பலகைக்கு உலகமெங்கும் விரும்பப்படுவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. 2017இல் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது. நான் புதிய ஈட்டியைத் தேடுவதில்லை. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் உடைந்த கட்டில் காலாகவும் அலமாரிச் சட்டமாகவும் கிடைப்பது, பல தலைமுறை காய்ந்த மரம். அதற்கு மேல் அசையாது.

பழைய மரத்தில் கிதார் செய்வதில் எனக்கு முன்னோடி, பின்னாளில் குவீன் குழுவின் கிதார் கலைஞரான பிரையன் மே. 1963 ஆகஸ்டில், பதினாறு வயதில், மின்னணுவியல் தெரிந்த தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே கிதார் செய்யத் தொடங்கினார். நல்ல கிதார் வாங்கப் பணம் இல்லை. பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்தானது. அதிலிருந்த புழு ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். 1928ஆம் ஆண்டு பாந்தர் மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள், சுருதியை நெளிக்கும் கருவிக்குள் போயின. அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள் ஃப்ரெட் புள்ளிகளாயின. குவீன் குழுவின் வாழ்நாள் முழுக்க அவர் பெரும்பாலும் வாசித்தது இதைத்தான். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்ததும் இதே கிதார். ஏழ்மையிலிருந்து சாதித்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, தந்தையும் மகனும் இரண்டு ஆண்டு ஒரே மேசையில் குனிந்திருந்தது.

சேகரிப்பது பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிதார் அன்று சரியாக விற்கவில்லை. இன்று பல லட்சம் டாலர். வாசிக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைக்கவே அவற்றை வாங்குகிறவர்களும் உண்டு. எனக்கு அது வருத்தம் தருகிறது. 2019இல் கிதார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் நியூயார்க் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அதுவரை எந்தக் கிதாரும் ஏலத்தில் எட்டாத விலை. அவ்வளவு கொடுத்து வாங்கப்பட்ட அந்தக் கிதார், கடையிலிருந்து வந்தபடி இருந்ததா என்றால் இல்லை. கில்மோர் அதன் கழுத்தைப் பல தடவை மாற்றினார், பிக்கப்பை மாற்றினார், சுருதியை நெளிக்கும் கம்பியைக் குட்டையாக வெட்டினார். மாற்றி மாற்றி வாசித்ததால்தான் அது அவருடைய கிதார் ஆயிற்று.

ஆகவே என்னிடமுள்ள கிதார்களைக் கேட்பவர்களுக்கு வாசிக்கக் கொடுக்கிறேன். திரும்பி வரும்போது தந்தியின் உயரம் மாறியிருக்கும், பிக்கப் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். எதையும் பழையபடி வைப்பதில்லை. அளவுகோலை எடுத்து அளந்து, வாசித்தவர் பெயருக்கு நேரே குறித்துக்கொள்கிறேன். அடுத்ததை அந்தக் கைக்குச் செய்ய உதவும்.