முழங்கால் தண்ணீரில்...

ஆம்பூரில் எங்களுக்கு மீன் என்றால், காலையில் தெருமுனையில் வண்டி நிறுத்திக் கூவி விற்கிற மீன்தான். கடல் எங்கோ தூரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிற பாலாற்றில் வருஷத்தில் பாதிக்கு மேல் வெறும் மணல். அப்படிப்பட்ட ஊர்க்காரி மீன் பிடிப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன் என்றால் அதற்கு என் அக்கா மகன்தான் காரணம்.

அவனுக்கு ஷூ கம்பெனியில் வேலை. ஆர்டர் கொடுக்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தன் லீவு நாட்களில் எடுத்த படத்தை இவன் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். "சித்தி, இந்த வேடிக்கையைப் பாருங்க" என்று என்னிடம் நீட்டினான். கண்ணாடி மாதிரித் தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் ஆழம்தான். அதன் நடுவில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு மனுஷர் கையில் நீளக் கழியோடு கொக்கு மாதிரி நிற்கிறார். இந்து மகாசமுத்திரத்தில் இருக்கிற செஷல்ஸ் தீவுகளாம். பஹாமாஸ் தீவுகளிலும், பசிபிக் கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவிலும்கூட இப்படித்தான் பிடிக்கிறார்களாம்.

தூண்டிலில் புழு கிடையாது. இறகு, முடி, நூல் எல்லாம் சேர்த்து முள்ளின்மேல் கட்டி, சின்ன இறால் போலவோ நண்டு போலவோ செய்து வைத்திருக்கிறார்கள். அது பஞ்சு மாதிரி லேசாக இருப்பதால் தானாகப் பறக்காது. தூண்டில் கயிற்றைத்தான் கனமாகச் செய்து, அதைச் சாட்டை போல முன்னும் பின்னும் வீசி எறிகிறார்கள். போன்ஃபிஷ் என்று ஒரு வெள்ளி நிற மீன். கடல் ஏறும்போது இந்த ஆழமில்லாத இடத்துக்கு இரை தேடி வரும். தலையைக் கவிழ்த்து மணலைக் கிளறும்போது அதன் வால் தண்ணீருக்கு மேலே மினுங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எறிய வேண்டும். அத்தனை பாடுபட்டுப் பிடித்துவிட்டு, முள்ளைக் கழற்றி மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்!

"விடறதுக்குத்தான் ஏரோப்ளேன் டிக்கெட்டாடா?" என்று கேட்டேன். சிரித்தான்.

சென்ற தை மாதம் என் நாத்தனார் பொன்னேரியில் புது வீடு கட்டிக் குடி போனாள். விசேஷம் முடிந்த மறுநாள், "இவ்வளவு தூரம் வந்துட்டு பழவேற்காடு பார்க்காம போறதா அண்ணி?" என்று பஸ் ஏற்றிவிட்டாள். பொன்னேரியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். என் சின்ன மகள் அதற்கு மேல் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டாள். ஓலைப்பெட்டி முடைகிற முஸ்லிம் பெண்களின் கைவேலை அத்தனை நேர்த்தி. அஞ்சறைப் பெட்டிக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒன்று வாங்கினேன்.

ஏரியைப் பார்த்ததும்தான் எனக்கு அந்தக் கைப்பேசிப் படம் ஞாபகத்துக்கு வந்தது. ஏரி என்று பெயரே தவிர, கடல் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்த உப்பங்கழி அது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலுமாகப் பரந்து கிடக்கிறது. இத்தனை பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தானாம். தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கும் நமக்கும் நடுவில், நட்ட நடு ஏரியில், ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒருத்தி இல்லை, ஏழெட்டுப் பேர். இடுப்பளவு தண்ணீரில் குனிந்தும், இன்னும் ஆழம் குறைந்த இடத்தில் கழுத்து வரைக்கும் உட்கார்ந்தும் மெதுவாக நகர்கிறார்கள். கையில் வலையும் இல்லை, தூண்டிலும் இல்லை.

படகுக்காரர்தான் சொன்னார். இருளர் பெண்களாம். சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த ஒரு பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கவ்விக்கொள்கிறார்கள். அத்தனை பெண்கள் ஓரிடத்தில் இருந்தும் ஒரு பேச்சுச் சத்தம் இல்லாததன் ரகசியம் இதுதான்!

கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து, இந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் வளர்கின்றன. மழைக்காலம் முடிந்த கையோடு நல்ல பாடு. முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் எல்லாருக்கும் கஷ்டகாலம். வலை போடுகிற மீனவ ஊர்களுக்குள், யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை வைப்பது என்று பாடு முறை ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. தடவிப் பிடிக்கிற இந்தப் பெண்களுக்கு அதில் பங்கு கிடையாது. வலைக்கு உதவாத ஓரத் தண்ணீரில்தான் இவர்கள் பிழைப்பு.

கரையேறி வந்த ஒரு அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயசு இருக்கும். "சேத்துல ஒண்ணுமே தெரியலையே, எப்படிம்மா கண்டுபிடிக்கிறீங்க?"

"கண்ணு வோணாம்மா. கையும் காலும் போதும். தண்ணி கலங்கி இருந்தாத்தான் நமக்கு நல்லது. தெளிஞ்சா நம்மள அது பாத்துரும்."

அங்கே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து எறிகிறார்கள். இங்கே கண்ணே வேண்டாம் என்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒன்று. "காலைத் தூக்கி வைக்கக் கூடாதும்மா, தேச்சுத் தேச்சு நடக்கணும். திருக்கை படுத்திருந்தா ஒதுங்கிப் போயிரும். மிதிச்சா கொட்டிரும்" என்றார். இதையேதான் அந்த வெளிநாட்டுக்காரரும் படத்தில் செய்தார். நான் அது ஏதோ நடனம் என்று நினைத்தேன்!

அவர் பாதத்தைப் பார்த்தேன். சிப்பி கிழித்த கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக. குதிகால் ஊறி வெளுத்து வெடித்திருந்தது. கட்டைவிரல் பக்கத்தில் கெளுத்தி முள் குத்தி ஆறிய வடு. அன்று ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம், மஞ்சள் அரைத்துப் போட்டாராம்.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கெளுத்தி, திருக்கை இவற்றின் முள்ளில் விஷம் உண்டு. வீட்டில் மீன் ஆயும்போது கெளுத்தி குத்துவது நமக்கும் நடப்பதுதானே? குத்திய இடத்தைப் பொறுக்கிற சூட்டில் உள்ள வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும். வலியில் சூடு தெரியாமல் போய் வெந்துவிடும், அதனால் முதலில் வேறொருவர் கையை விட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு டாக்டரிடம் காட்டி, முள் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்த்து, டி.டி. ஊசி போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திருக்கை முள் ஆழமாகக் குத்தியிருந்தால் பிடுங்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் காலில் சின்னக் கீறலைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது.

"எந்த ஊரும்மா?" என்று கேட்டார் அந்த அம்மாள். ஆம்பூர் என்றால் எல்லாரும் பிரியாணியைத்தான் கேட்பார்கள். இவர் கேட்கவில்லை. என் காலையே பார்த்தார். "செருப்பு செய்யற ஊராச்சே. தண்ணில போட்டா கழலாத செருப்பு உங்க ஊர்ல கிடைக்குமா?"

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. விடிந்தால் எங்கள் ஊரில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் ஷூ தைக்கப் போகிறார்கள். யார் யார் காலுக்கோ தைக்கிறார்கள். "கேட்டுச் சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்த அன்று மாலை பாலாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். என் அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது, மழை விட்டதும் ஆற்றுக் குட்டைகளில் பழைய புடவையை இரண்டு பேர் விரித்துப் பிடித்து அயிரை அள்ளுவார்களாம். அதுவும் முழங்கால் தண்ணீர்தானே! தோல் கழிவு ஆற்றைக் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்தது. 2025-லும் அதே பாலாற்றுக்காக இன்னொரு தீர்ப்பு. எங்கள் வீட்டுச் சோறும் தோலில் வருவதுதான், மறைப்பானேன். 2021 நவம்பரில் ஆறு இரு கரையும் புரண்டபோது ஊரே போய் வேடிக்கை பார்த்தோம். அப்போதும் என் மகளைக் காலை நனைக்க நான் விடவில்லை.

அக்கா மகனிடம் செருப்பு விஷயத்தைக் கேட்டேன். "தோல் ஆகாது சித்தி, உப்புத் தண்ணில விறைச்சுப் போயிடும். ரப்பர் அடிப்பாகம், மேல கெட்டித் துணி. ஆனா அவங்க காலாலயும் தேடறாங்கன்னு சொல்றீங்களே, அடிப்பாகம் தடிச்சா ஒண்ணும் தெரியாதே" என்று யோசித்தான். அந்த வெளிநாட்டுக்காரர் போட்டிருந்தது கெட்டி அடி வைத்த பூட்ஸ். அவர் கண்ணால் தேடுகிறவர். இரண்டு நாள் கழித்து அவனே வந்து, மெல்லிய ரப்பரில் ஒரு ஜோடி செய்து பார்க்கலாம், கால் அளவு என்ன என்று கேட்டான்.

அளவு எடுக்கத் தோன்றவே இல்லையே எனக்கு! அடுத்த மாதம் நாத்தனார் பேரனுக்குக் காது குத்து. காகிதமும் பென்சிலும் இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.