வடசேரி வீட்டில் ஓர் ஆப்பிரிக்கக் கிளி

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பஸ் நாஞ்சில் நாட்டுக்குள் நுழைந்ததும் காற்று உங்கள் தலைமயிரைக் கலைத்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வருகிறவர்களை அந்த ஊர்க் காற்று அப்படித்தான் வரவேற்கும். காற்றாலைகள் கைகளை வீசிச் சுழலும். கொஞ்சம் போனால் தோவாளைச் சந்தையின் பிச்சிப்பூ மணம். அப்புறம் நாகர்கோவில் வந்தாயிற்று.

நான் போனது மாசி மாதம், கும்பப்பூ நெற்கதிர் முற்றியிருந்த சமயம். சாயங்காலம் தேரூர்க் குளக்கரையில் போய் நின்றேன். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர் அது. சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளை 2022-ல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாகச் சேர்த்திருக்கிறார்கள். நாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே 'கீ கீ' என்று ஒரே ஆரவாரம். வயலில் கதிர் கொறித்துவிட்டுப் பைங்கிளிக் கூட்டம் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. கரையில் தலை போன மொட்டைப் பனை ஒன்று நின்றது. அதன் பொந்துக்குள் இரண்டு கிளிகள் புகுந்தன.

"இதில் ஒன்று நம் வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!" என்று உங்களுக்கும் தோன்றுகிறதல்லவா? வேண்டாம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், கூண்டில் வைப்பதும் குற்றம். அதனால்தான் கிளி மேல் ஆசை கொண்டவர்கள் இப்போது வெளிநாட்டுக் கிளிகளைத் தேடுகிறார்கள். அப்படிப்பட்ட கிளி ஒன்றைத்தான் மறுநாள் வடசேரியில் சந்தித்தேன்.

சிநேகிதி ஒருத்தி என்னைத் தன் ஆச்சி வீட்டுக்கு அழைத்துப்போயிருந்தாள். வாசற்படியில் கால் வைத்தோமோ இல்லையோ, உள்ளே யாரோ ஒரு பெரியவர் இருமினார். "ஆரது? வாங்க மக்களே!" என்று கனத்த குரல் கேட்டது. நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெரியவரைத் தேடிக் கைகூப்பினேன். பெரியவரைக் காணோம்! ஜன்னலோரப் பெரிய கூண்டில், சாம்பல் நிற உடம்பும் குங்குமச் சிவப்பு வாலுமாக ஒரு பறவை என்னைத் தலை சாய்த்துப் பார்த்தது.

ஆச்சி சிரித்தாள். "அது ஆளில்ல மக்களே, கிளியாக்கும். அவிய போயி மூணு வருஷம் ஆச்சு. கொரலு மட்டும் இங்க இருக்கு."

அந்தக் கிளியின் பெயர் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. கானா முதல் காங்கோ வரையுள்ள பெருங்காடுகள்தான் அதன் தாய்வீடு. ஓர் அடிக்குச் சற்று மேல் நீளம், நானூறு கிராம் எடை. எண்ணெய்ப் பனையின் பழம் என்றால் அதற்கு உயிர். நம் பைங்கிளியைப் போலவே மரப்பொந்தில்தான் குடித்தனம். ஜோடி சேர்ந்தால் வருஷக்கணக்கில் பிரிவதில்லை.

'சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை' என்று நாம் ஏளனமாகச் சொல்கிறோம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அம்மாள் 1977-ல் இந்த ஜாதிக் கிளி ஒன்றைக் கடையில் வாங்கி, முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தார். 'அலெக்ஸ்' என்ற அந்தக் கிளி நூறு சொற்களுக்குப் பொருள் தெரிந்து பேசியது. நிறமும் வடிவமும் சொன்னது. ஆறு வரை எண்ணியது. 2007-ல் அது இறந்தபோது உலகப் பத்திரிகைகளெல்லாம் செய்தி போட்டன.

இவ்வளவு புத்திசாலித்தனமே அதற்கு வினையாயிற்று. பேசும் கிளி வேண்டும் என்று உலகமெங்கும் ஆசைப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் காடுகளில் பசை தடவிப் பிடித்தார்கள். விமானம் ஏறுமுன்பே செத்தவை ஏராளம். காடுகளும் அழிந்தன. கானாவில் 1992-க்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 2016-ல் 'அழியும் அபாயத்தில் உள்ள இனம்' என்று பட்டியலில் சேர்த்தார்கள். 2017 முதல் காட்டுக்கிளியை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வியாபாரம் செய்வதற்குத் தடை வந்தது.

ஆச்சி வீட்டுக் கிளிக்குப் பதினோரு வயது. காலில் இணைப்பே இல்லாத முழு வளையம். குஞ்சுப் பருவத்தில்தான் அதை மாட்ட முடியும். கூண்டில் பிறந்த கிளி என்பதற்கு அது ஓர் அடையாளம். வளைகுடாவில் வேலை பார்த்த மகன், ஓய்வு பெற்ற தகப்பனாருக்குப் பேச்சுத் துணையாக வாங்கித் தந்தது. காலைப் பேப்பர் முதல் இரவுச் சாப்பாடு வரை பாட்டாவும் கிளியும் ஒன்றாகவே இருந்தார்களாம்.

பாட்டா காலமானார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு இடம் வேண்டுமென்று கூண்டைப் பின்கட்டு அறைக்கு மாற்றினார்கள். மூன்று வாரம் கழித்து ஆச்சி போய்ப் பார்த்தால், கிளியின் மார்பில் ஓர் இறகு இல்லை! தன் அலகாலேயே பிடுங்கிப் போட்டிருந்தது. கால்நடை டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வியாதி ஒன்றுமில்லை, தனிமைதான்" என்றார். காட்டில் கூட்டமாக வாழ்கிற பறவைக்குத் தனியறை என்பது சிறைவாசம் அல்லவா?

அன்றைக்கே கூண்டு ஜன்னலோரம் வந்தது. ஆச்சி கிளி வளர்ப்பைப் புதிதாகக் கற்றுக்கொண்டாள். சூரியகாந்தி விதையை மட்டும் கொட்டினால் கொழுப்புத்தான் ஏறும். இந்த ஜாதிக்குச் சுண்ணாம்புச் சத்து சுலபமாகக் குறைந்துவிடும். ஆகவே முருங்கைக்கீரை, காரட், முளைகட்டிய பயறு, கொய்யா, கொஞ்சம் மட்டிப்பழம். காலை இளவெயில். கடித்துத் துண்டாக்கச் சிரட்டை. இருட்டினால் கூண்டுக்குத் திரை. பத்து மணி நேரமாவது தூக்கம். தினமும் சில மணி நேரம் கூண்டுக்கு வெளியே உலாவல். காப்பி, சாக்லேட், வெண்ணெய்ப்பழம் மூன்றும் விஷம். ஒட்டாத தோசைக்கல்லை அடுப்பில் காயவிட்டு மறந்தால் எழும் புகையே பறவையின் உயிரைப் போக்கிவிடும். அதனால் ஆச்சி வீட்டில் பழைய இரும்புக் கல்தான்!

எனக்குக் கருப்பட்டிக் காப்பி வந்தது. "காப்பி!" என்றது கிளி, பாட்டாவின் குரலில். "ஒனக்கு இல்ல" என்று ஆச்சி ஒரு கொய்யாத் துண்டை நீட்டினாள்.

பிறகு மெல்லிய குரலில் சொன்னாள்: "எனக்கு எழுவத்திரண்டு ஆச்சு. எனக்குப் பொறவு இவன ஆரு பாப்பா?"

நல்ல பராமரிப்பில் இந்தக் கிளி நாற்பது, அறுபது வருஷம்கூட இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐம்பது வயதில் குஞ்சு வாங்கினால், அதன் வாழ்நாளில் பாதியை யார் பார்த்துக்கொள்வது? வாங்குமுன் எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அபூர்வம்.

ஆச்சி கேட்டதோடு நிற்கவில்லை. இப்படிப்பட்ட வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதி வந்ததும், பேரனைக் கொண்டு மனுப் போட்டாள். கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். காகித வேலை ஒரு நாளில் முடிந்தது. ஆனால் கிளியின் மனசுக்கு உயில் எழுத முடியுமா? தனக்குப் பிடித்தவரை அதுவேதான் தேர்ந்தெடுக்கும்.

கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒருத்தி தினமும் மாலையில் வந்து கூண்டருகே உட்கார ஆரம்பித்தாள். முதல் மாதம் கிளி முதுகைக் காட்டியது. இரண்டாம் மாதம் விரலைக் கடித்தது. மூன்றாம் மாதம் அவள் கையிலிருந்து மட்டிப்பழம் வாங்கித் தின்றது. நான் போனபோது அவள் தோளில் ஏறி, காது வளையத்தை இழுத்துக்கொண்டிருந்தது. ஆச்சியின் முகத்தில் ஒரு நிம்மதி. மார்பில் இறகு பெரும்பாலும் முளைத்துவிட்டது. ஒரு ரூபாய் அளவு இடம் மட்டும் இன்னும் வெறுமை.

விடைபெறும்போது ஆச்சியிடம் கேட்டேன்: "மறுபடியும் ஒரு கிளி கொடுத்தால் வாங்குவீர்களா?"

"வேண்டாம் மக்களே. இவன விட முடியாது, விட்டா பொழைக்க மாட்டான். கிளி பாக்கணும்னா தேரூருக்குப் போவேன்."

நேயர்களே, உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒரு ஜீவன் இருந்தால், இன்றைக்கே கூண்டை ஆள் புழங்கும் இடத்துக்கு மாற்றுங்கள். உங்களுக்கு அடுத்தவர் யார் என்றும் யோசியுங்கள். இல்லையென்றால், ஒரு மாசி மாதம் நாஞ்சில் நாட்டுக்குப் புறப்படுங்கள். மாலை ஐந்தரை மணிக்குத் தேரூர்க் கரையில் அந்த மொட்டைப் பனைக்கு நேராக நில்லுங்கள். டிக்கெட் கிடையாது, இரை போட வேண்டாம். கிளிகள் தாமாகவே வரும்.