இரண்டாம் பிள்ளைக்கான கோப்பு

அமெரிக்கக் குடிவரவுத் துறையின் கைரேகை மையத்தில் காத்திருப்பவர்கள் எல்லாரும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்தான் என்று புதிதாகக் குடியேறிய தமிழருக்குத் தோன்றும். ஆனால் கிரீன் கார்டுக்கும் வேலை அனுமதிக்கும் நிற்கிற நம்மவர்களுக்கு நடுவே, அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தம்பதிகளும் விரல் பதிக்க வந்திருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க அவர்கள் நிரப்பும் ஐ-800ஏ படிவத்துக்கும் அதே துறைதான் ஒப்புதல் தர வேண்டும். பதித்த கைரேகை 15 மாதம்தான் செல்லும். அதற்குள் குழந்தை வந்து சேராவிட்டால் மறுபடியும் வந்து பதிக்க வேண்டும்.

முதல் குழந்தைக்கும் இப்படித்தான் அலைந்திருப்பார்கள். ஆனால் இரண்டாவது குழந்தைக்கான காத்திருப்பு வேறு வகை. இந்த முறை வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது.

ஹோம் ஸ்டடி என்கிற இல்ல ஆய்வுக்குச் சமூகப் பணியாளர் வருகிறார். சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கணவனும் மனைவியும் தத்தம் வீட்டில் எப்படி வளர்ந்தார்கள், பிள்ளை அடம்பிடித்தால் என்ன செய்வார்கள் என்று எல்லாவற்றையும் கேட்கிறார். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, மருந்துகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார். மூத்த பிள்ளையிடமும் தனியாகப் பேசுகிறார். வீடு மாறினாலோ, வருமானம் பெரிதாக மாறினாலோ, அந்த அறிக்கையைத் திருத்தி எழுத வேண்டும். காத்திருக்கும் காலத்திலேயே மூத்த பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிவிட்டால், அவர் கைரேகையும் வேண்டும்.

இவையெல்லாம் தாளில் முடிகிற வேலை. மூத்த பிள்ளையும் சீனாவிலிருந்து தத்து வந்தவளாக இருந்தால், அந்த வீட்டுக் காத்திருப்பு அவளுடைய பிறப்புக் கதையையும் கிளறிவிடுகிறது. ஆதரவின்றிக் கிடைத்த குழந்தையின் படத்தையும், கிடைத்த நாளையும் இடத்தையும் சீனாவில் உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரமாகப் போடுவார்கள். சந்தை வாசல், காவல் நிலையப் படி, மருத்துவமனை நடை என்று அதில் இருக்கும். பல குடும்பங்கள் அந்தத் துண்டைத் தேடி வாங்கிப் பிள்ளையின் வாழ்க்கைப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கின்றன. தம்பி வரப்போகிறான் என்று பெற்றோர் மகிழ்ச்சியாகச் சொல்லும்போது, அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து, அவனுடைய அம்மா எங்கே என்று கேட்கலாம். தன் அம்மாவைப் பற்றிய கேள்வியும் அதற்குள் இருக்கிறது. நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையின்படி தத்தெடுக்கிற பெற்றோருக்கு அமெரிக்க விதி குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி வைத்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் பத்து மணி நேரம் மிகக் குறைவு.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று வீட்டுப் பிள்ளையே தொடங்கி வைப்பதும் உண்டு. டென்னசியில் வாழும் கிறிஸ்தவப் பாடகர் ஸ்டீவன் கர்ட்டிஸ் சாப்மனுக்கு ஏற்கெனவே மூன்று பிள்ளைகள். மூத்த மகள் எமிலி விடாமல் கேட்டதால்தான் பெற்றோர் சீனாவுக்குப் போனார்கள். பின்னர் மேலும் இரண்டு பெண் குழந்தைகள் அங்கிருந்தே அந்த வீட்டுக்கு வந்தார்கள்.

வெளிநாட்டுக் குழந்தையைத் தத்தெடுக்கும் வழக்கத்துக்குப் பெரிய வாசலைத் திறந்தவர்கள் ஒரேகானின் ஹாரி, பெர்த்தா ஹோல்ட் தம்பதி. ஆறு பிள்ளைகள் பெற்றவர்கள். கொரியப் போரில் அநாதையான எட்டுக் குழந்தைகளை எடுத்து வளர்க்க நினைத்தார்கள். அன்றைய சட்டம் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பேரைத்தான் அனுமதித்தது. அதனால் நாடாளுமன்றம் அவர்களுக்கென்றே 1955இல் தனிச் சட்டம் இயற்றியது. கணவர் கொரியாவில் இருந்த மாதங்களில் பெர்த்தா ஆறு பிள்ளைகளோடு வீட்டையும் பண்ணையையும் பார்த்துக்கொண்டார். சட்டம் நிறைவேறிய அதே ஆண்டு அக்டோபரில் எட்டுப் பேரும் வந்து சேர்ந்தார்கள். இன்றைக்கு இந்த வேகத்தை நினைத்தே பார்க்க முடியாது.

நினைக்க முடியாமல் போனதில் நன்மையும் இருக்கிறது. அவசரம் இருக்கிற இடத்தில் தரகர் வந்துவிடுகிறார். 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளில் பலருக்குப் போலித் தாய்மார்களைக் காட்டிப் போலிப் பதிவுகள் எழுதப்பட்டன. 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி அதை வெளிக்கொண்டுவந்தது. 2021இல் அந்த நாடு வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்தி வைத்தது. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் குழந்தைகளை அநாதை இல்லங்களுக்கு விற்ற கும்பல் 2005இல் பிடிபட்டது. ஆகவே குழந்தையைப் பெற்றவர்கள் உண்மையில் யார், அவர்கள் மனமொப்பிக் கொடுத்தார்களா என்று தேடுவதற்கு ஆகும் காலத்தைக் குறை சொல்லக் கூடாது. அந்தக் காலம் குழந்தைக்குச் சேர வேண்டியது.

குழந்தை இன்னார் என்று முடிவாகிப் படமும் வீட்டுக்கு வந்துவிட்ட பிறகு கணக்கு மாறுகிறது. அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு இழப்பு. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்கு 2005இல் மட்டும் ஏறத்தாழ 7,900 குழந்தைகள் வந்தார்கள். மொத்தத்தில் 82,000க்கும் மேல். 2020 தொடக்கத்தில் கொரோனா பரவியதும் சீனா பயணங்களை நிறுத்தியது. அப்போது படம் கையில் இருந்த குடும்பத்தினர் அறையைத் தயார் செய்து வைத்தார்கள், வாங்கிய உடுப்பை அளவு போதாது என்று மாற்றினார்கள், வராத பிள்ளையின் பிறந்தநாளை மூத்த பிள்ளையோடு கொண்டாடினார்கள். 2024 செப்டம்பரில் பெய்ஜிங்கில் வெளியுறவுத் துறையின் செய்தித் தொடர்பாளர், வெளிநாட்டுத் தத்தெடுப்பு முடிந்தது என்று அறிவித்தார். நெருங்கிய இரத்த உறவுக் குழந்தைகளுக்கும் மணத்துணையின் முந்தைய பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு. அமெரிக்காவில் சுமார் 300 குடும்பங்கள் நடுவழியில் நின்றன. கதவை அடைப்பது ஒரு நாட்டின் உரிமை. ஆனால் இன்ன வீட்டுக்குப் போகப்போகிறாய் என்று ஒரு குழந்தைக்குச் சொன்ன பிறகு அடைத்தது அநியாயம்.

மொத்த எண்ணிக்கையும் சரிந்துவிட்டது. 2004இல் வெளிநாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்து வந்தவர்கள் 22,000க்கும் மேல், 2023இல் 1,275.

இந்தக் காத்திருப்பில் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவில், வெளிநாடுவாழ் இந்தியருக்கும் உள்நாட்டவருக்கும் ஒரே மூப்பு வரிசைதான். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால், 2022 விதிகளின்படி சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளோ, எளிதில் வீடு அமையாத குழந்தைகளோதான் கிடைப்பார்கள். வரிசை நீளம் என்பதால் சிலர் குறுக்கு வழி பார்க்கிறார்கள். ஊருக்குப் போய், 1956ஆம் ஆண்டின் இந்துத் தத்தெடுப்புச் சட்டப்படி அண்ணன் மகளுக்கோ தங்கை மகனுக்கோ சடங்கு செய்து பத்திரம் எழுதிவிட்டு, பிள்ளையைக் கூட்டிப் போக விசா கேட்கிறார்கள். காராவின் தடையில்லாச் சான்று இல்லாமல் அந்தப் பத்திரம் விசாவுக்கு உதவாது. பெற்றோர் அமெரிக்காவிலும் பிள்ளை ஊரில் பாட்டி வீட்டிலுமாக ஆண்டுகள் ஓடுகின்றன.

உறவுப் பிள்ளையே ஆனாலும் முதலில் காராவில் பதியுங்கள். பத்திரத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அதுவரை அம்மா, அப்பா என்று அந்தக் குழந்தையைக் கூப்பிடச் சொல்லாதீர்கள்.