பூட்டின் பூர்வீகம்

"இது திருட்டு போனுக்குப் போடுற பூட்டு சார். நல்லதுக்குத்தான் போட்டிருக்கான்" என்று தலையைத் தூக்காமலே சொன்னார், சென்னை ரிச்சி தெருவில் போன் பழுதுபார்ப்பவர். அவர் கையில் இருந்தது என் தங்கை மகன் பாலிடெக்னிக் படிப்புக்கென்று வேறொரு கடையில் வாங்கிய பழைய ஆண்ட்ராய்டு போன். கடையில் நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து, யாரோ எடுத்த படங்களையெல்லாம் அழித்து, ரீசெட் செய்து வைஃபையில் இணைத்ததுமே திரை மாறிவிட்டது. நிலுவைத் தவணையைச் செலுத்தச் சொல்லி ஒரு வரி, கடன் கொடுத்த நிறுவனத்தின் தொலைபேசி எண், அவசர அழைப்புக்கு ஒரு பொத்தான். வேறு எதுவும் அசையவில்லை.

திரை தவணை என்கிறது, இவர் திருட்டு என்கிறார். அந்தப் பொருந்தாமை என்னை உறுத்தியது. இந்தப் பூட்டு எங்கே, யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்றிருந்தது.

அவர் லேசில் மசிகிற ஆளில்லை. அவசர அழைப்புத் திரையில் *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ. எண்ணை வரவழைத்தார். 15 இலக்கம். முதல் 8 போனின் மாடலைச் சொல்லும். அடுத்த 6 அந்த ஒரு போனுக்கே உரிய வரிசை எண். கடைசி இலக்கம் மற்ற 14 இலக்கமும் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று காட்டிக்கொடுப்பது. ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு அது. கிரெடிட் கார்டு எண்ணையும் அதை வைத்தே சரிபார்க்கிறார்கள். ஒரு பில்லைத் திருப்பிப்போட்டு அதன் முதுகில் எண்ணை எழுதினார். ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்தார், இரண்டு இலக்கமாக வந்ததைப் பிரித்துக் கூட்டினார், மொத்தம் பத்தின் மடங்காக வந்ததும் பேனாவை மூடினார். "கணக்கு சரியா இருக்கு. கண்டபடி மாத்தின நம்பர் இல்ல." எண்ணை மாற்றித் தரும் வேலையைத் தொடவே மாட்டாராம். 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு.

அடுத்து கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து, கூடவே அந்த எண்ணையும் சேர்த்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். தொலைந்த, திருடுபோன போன்களை முடக்க மத்திய அரசு வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து பதில் வரும் எண் அது. தயாரிப்பாளர் பெயர் வந்தது, மாடல் வந்தது, எண் செல்லும் என்றும் வந்தது. திருட்டுப் பட்டியலில் போன் இல்லை.

"லிஸ்ட்ல இன்னும் ஏறலை சார், அவ்வளவுதான்."

அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் அவர் சொன்ன வரலாற்றில் பாதி உண்மை. 2013இல் ஐ.ஓ.எஸ். 7 உடன் ஆப்பிள் தந்த பூட்டு திருடனை மனதில் வைத்துத்தான் வந்தது. பறித்த போனை முழுதாக அழித்தாலும் பழைய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் அது எழாது. 2014இல் கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2015 ஜூலை 1 முதல் தயாரித்து அங்கே விற்கப்படும் ஸ்மார்ட்போன்களில் அப்படியொரு பூட்டு கட்டாயம். அதே ஆண்டு ஆண்ட்ராய்டு 5.1 அதுபோன்ற ஒன்றைக் கொண்டுவந்தது.

ஆனால் அந்தப் பூட்டுகள் கேட்பது கடவுச்சொல். எங்கள் போன் கேட்டதோ பணம்.

திரையில் இருந்த எண்ணுக்குப் பேசினோம். மீதித் தவணையை நாங்களே கட்டிவிடுகிறோம் என்று தங்கை மகன் கெஞ்சாத குறையாகச் சொன்னான். கடன் வாங்கியவரைத் தவிர வேறு யாரிடமும் கணக்கு விவரம் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு பாக்கி என்பதைக்கூட. அடுத்தவர் கடன் விவரத்தை அந்நியரிடம் சொல்லக்கூடாது என்ற விதி நியாயமானதே. ஆனால் அந்நியர் வாங்கிய பொருளை அதே கடனுக்காக முடக்க மட்டும் எந்த விதியும் குறுக்கே வரவில்லை. அந்த இடத்தில்தான் என் தேடல் திசை மாறியது. திருடனை விட்டுவிட்டுக் கடன்காரனைத் தேடப் போனேன்.

அமெரிக்காவில், சிம் கார்டே இல்லாத சி.டி.எம்.ஏ. போன்களின் காலத்திலேயே கடன்காரர் இருக்கிறார். போனுக்குள் பதிந்த எண்ணைச் சேவை நிறுவனம் ஏற்றால்தான் இணைப்பு கிடைக்கும். முந்தைய உரிமையாளர் பில் கட்டாமல் போயிருந்தால் எண்ணை ஏற்க மாட்டார்கள். திருடுபோன போனுக்கும் அதே மறுப்புதான். பழைய போன் வாங்கியவர் கவுன்ட்டரில் நிற்கும்போது, தன் கையில் இருப்பது திருட்டுப் பொருளா, வராக்கடனா என்றுகூட அவருக்குத் தெரியாது. ரிச்சி தெருக்காரரின் குழப்பத்துக்கு அங்கேயே விதை விழுந்திருக்கிறது.

தவணையை வாங்குவதற்கென்றே பொருளை முடக்கும் யோசனை கென்யாவில் நன்றாக வேர்பிடித்தது. எம்-கோப்பா நிறுவனம் 2012 முதல் விற்ற சூரிய விளக்குப் பெட்டிக்குள் ஒரு சிம் இருந்தது. போன் வழியாகத் தினமும் சுமார் 50 ஷில்லிங் கட்டினால் விளக்கு எரியும், கட்டாவிட்டால் பெட்டி அணைந்துவிடும். 2020இல் அந்நாட்டுச் செல்போன் சேவை நிறுவனமான சஃபாரிகாமும் கூகுளும் சேர்ந்து நாளுக்கு 20 ஷில்லிங்கில் ஸ்மார்ட்போன் தந்தபோது பூட்டு போனுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கையில் ரொக்கமில்லாத ஏழைக்கு இது கதவைத் திறந்துவிட்டது என்பதை மறுக்க மாட்டேன்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் பாட்டியின் தையல் மெஷின் நினைவுக்கு வந்தது. தவணை தவறினால் கடைக்காரர் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போகமாட்டாராம். பாபின் கேஸை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாராம். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத இரும்புத் துண்டு. அது இல்லாமல் ஒரு தையல் விழாது. பூட்டைக் கண்டுபிடித்தது கணினிக்காரர்கள் இல்லை என்று அப்போதே உறுதியாகிவிட்டது. தையல் மெஷினைத் தவணைக்கு விற்பதை அமெரிக்காவில் 1856 வாக்கிலேயே சிங்கர் நிறுவனத்தின் எட்வர்ட் கிளார்க் தொடங்கிவிட்டார்.

சரி, தவணை முடியாத பொருளை மூன்றாம் ஆள் பணம் கொடுத்து வாங்கினால் அது யாருடையது? இதற்கு விடை தேடிப் போனால் ஒரு பியானோ நிற்கிறது. இங்கிலாந்தில் ஹெல்பி என்பவரிடம் பிரூஸ்டர் என்பவர் மாதம் பத்தரை ஷில்லிங், 36 மாதம் என்று பேசி ஒரு பியானோ எடுத்தார். தவணை முடியுமுன்பே அதை மேத்யூஸ் என்ற அடகுக்கடைக்காரரிடம் வைத்துவிட்டார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. கடைசித் தவணை கட்டும்வரை பிரூஸ்டர் வெறும் வாடகைக்காரர்தான், பியானோ ஹெல்பிக்கே சொந்தம் என்று 1895இல் தீர்ப்பானது. நம்பிப் பணம் கொடுத்த மேத்யூஸுக்கு ஒன்றுமில்லை. அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. தங்கை மகனின் இக்கட்டு அச்சு அசலாக அங்கே இருந்தது.

இங்கிலாந்து 1964இல் ஒரு விதிவிலக்குச் செய்தது. தவணை பாக்கி இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு மோட்டார் வண்டி வாங்கிய தனிநபருக்கு அந்த வண்டி சொந்தமாகும். வண்டிக்கு மட்டும். இந்தியா 1972இல் தவணைக் கொள்முதலுக்கு ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறைக்கே வராமல் கிடந்து 2005இல் நீக்கப்பட்டது. ஆனாலும் இங்கே பழைய பைக் வாங்குகிறவர் ஏமாறுவது கடினம். ஆர்.சி. புக்கிலேயே கடன் கொடுத்தவர் பெயர் ஏறியிருக்கும். கடன் தீர்ந்ததென்று அவரிடம் என்.ஓ.சி. வாங்கி, அந்தப் பதிவை நீக்கினால்தான் வண்டி முழுதாகக் கைக்கு வரும். பைக்கைப் போலவே போனுக்கும் தனி எண் இருக்கிறது, தேசியப் பதிவேடும் இருக்கிறது. கடனைச் சொல்லும் கட்டம் மட்டும் அதில் இல்லை.

கடன்காரரின் போனைத் தொலைவிலிருந்து முடக்குவதற்கு விதிமுறை வகுப்பது பற்றி ரிசர்வ் வங்கி ஆராய்வதாக 2025இல் செய்திகள் வந்தன. வகுக்கட்டும். பூட்டும் உரிமையைக் கேட்கிறவர், கடன் கொடுத்த அன்றே அந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் பொதுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், கடன் முடிந்த அன்றே நீக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். 14422இலிருந்து வரும் பதிலில் ஒரு வரி கூடினால் போதும்.

அந்த வரி வரும்வரை ரிச்சி தெருக்காரரின் வழக்கத்தைத்தான் சொல்ல முடிகிறது. திருட்டுப் பூட்டு என்பதை அவர் இன்றுவரை விடவில்லை. ஆனால் யார் பழைய போனை விற்கக் கொண்டுவந்தாலும் முதல் பில்லையும் கடன் முடிந்த கடிதத்தையும் கேட்கிறார். ஆளை எதிரிலேயே உட்காரவைத்து, போனை ரீசெட் செய்து, தன் கடை வைஃபையில் இணைக்கிறார். முகப்புத் திரை முழுதாக வந்து நின்ற பிறகுதான் விலை பேசுகிறார்.